இரண்டு பட்டங்கள்

இன்று பட்டம் பெறும் வேளாண், வனவியல் மாணவ மாணவியரே,

நீங்கள் கையில் ஏந்தியிருப்பதும் பட்டம். உழவர் விதைப்புக்கென்று காத்திருக்கும் பருவமும் பட்டமே. முன்னதைப் பல்கலைக்கழகம் அளிக்கிறது. பின்னதைக் காற்றுத்தான் அளிக்கவேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிச் சின்னக்கல்லாறில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே இந்தக் கோவைச் சமவெளிக்கு வரும்போது பெரும்பாலும் ஈரமிழந்தே வருவதால், இங்குள்ள மானாவாரிக் குடியானவர் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே சோளமும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார். அவர் மழையை மில்லிமீட்டரில் அளப்பதில்லை. 'ஒரு உழவு மழை' என்பார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து, உருண்டை உதிராமலும் விரலில் ஒட்டாமலும் இருக்கிறதா என்று அவர் பார்க்கும் அந்தக் கணத்தில், ஒரு குடும்பத்தின் வருஷ ஜீவனமே நிர்ணயமாகிறது.

காவிரிப் படுகையின் நிலைமை இன்னும் நுட்பமானது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பது மரபென்றாலும், குறுவைக்கு அந்த நீரைத் தருவது குடகு மலையின் மழை. சம்பாவைத் தாங்குவதோ உள்ளூரின் வடகிழக்குப் பருவமழை. அந்த மழையே காலம் தப்பிக் கதிர் பூக்கும் சமயத்தில் அடித்துப் பெய்தால், மணி பிடிக்காமல் பதராகிவிடுகிறது. ஆண்டு மழை சராசரி என்று ஏட்டில் எழுதிவிடலாம்; பதராய்ப் போன கதிருக்கு அந்தச் சராசரியால் என்ன பிரயோஜனம்?

வனத்துக்கும் இதே காலக்கிரமம்தான். முதல் மழையோடு நடவேண்டிய கன்றை ஒரு மாதம் தாமதித்து நட்டால், வேர் ஆழம் செல்லுமுன் வறட்சி வந்துவிடுகிறது. மாசி, பங்குனியில் இலையுதிர்த்த காடு, கோடை மழை பொய்த்தால், ஒரு தீப்பொறிக்கே இரையாகிறது. நீலகிரியின் சோலைகளும் புல்வெளிகளும் பருவமழையைத் தம்முள் தேக்கி, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளில் கசியவிடுபவை. அந்தப் புல்வெளிகளைத் தரிசென்று எண்ணிச் சீகையும் கற்பூர மரமும் நட்டுவிட்ட பிழையை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கிறது. வேளாண்மை வேறு, வனவியல் வேறு என்று நாம் பாடத்திட்டத்தில் பிரித்துவிட்டோம். மலையில் கசியும் நீர் அப்படிப் பிரிந்து ஓடுவதில்லை.

இன்னும் சில நாட்களில் ஐப்பசி பிறக்கிறது. உடுமலைப் பக்கத்துக் கரிசல் காடுகளில் உழவர்கள் வானம் பார்த்துக் காத்திருக்கிறார்கள். உங்கள் முதற் பயணம் அங்கே அமையட்டும். அவர்கள் மண்ணைப் பிசைந்து பார்க்கையில் நீங்களும் உடன் குனிந்து, ஒரு பிடி அள்ளிப் பாருங்கள்.