ஒரே கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்தாளுநர்களே, இயன்முறை மருத்துவர்களே, பேச்சு சிகிச்சையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உங்களை இத்தனை பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருக்கிறது. நோயாளிக்கு அந்தச் சிரமம் இல்லை. அவருக்கு நீங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்காரர்கள். உங்களில் ஒருவர் கவனித்தது இன்னொருவர் காதுக்கு எட்டாமல் போனால், அந்த நட்டம் அவர் தலையில்தான் விடியும்.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி ஒரு வாய் இறங்கியதும் இருமுகிறார். அதை முதலில் பார்ப்பவர் வார்டு சிஸ்டர். சரியாக விழுங்க முடிகிறதா என்று சோதிப்பவர் பேச்சு சிகிச்சையாளர். மூக்குவழிக் குழாய் போட முடிவெடுப்பவர் டாக்டர். நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விட்டால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும் என்று எச்சரிப்பவர் மருந்தாளுநர். நால்வரும் கெட்டிக்காரர்கள். ஆனால் சிஸ்டர் பார்த்த இருமல் கேஸ் ஷீட்டில் ஏறாவிட்டால், கஞ்சி நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியலாம்.

நல்ல மனசு இருந்தால் சேர்ந்து வேலை செய்வது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. ஊசி போடப் பழகியதுபோல இதையும் பழக வேண்டும். ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1996இல் இதற்கென்றே ஒரு வார்டு தொடங்கினார்கள். மருத்துவம், செவிலியம், இயன்முறை என்று பல துறை மாணவர்கள், ஆசிரியர்களின் மேற்பார்வையில், தாங்களே கூடிப் பேசி அந்த வார்டை நடத்தினார்கள்.

நம் ஊரிலும் முன்னோடி உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். பழுதாகாத தசையின் நாணை எடுத்து விரலோடு இணைப்பார். அதோடு வேலை முடியவில்லை. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைச் சொல்லித்தர இயன்முறைப் பயிற்சி வேண்டும். உணர்ச்சியற்ற விரல் சூடான டம்ளரைப் பிடித்து வெந்துபோகாமல் இருக்க, கண்ணால் பார்த்துக் கையாளும் பழக்கம் வேண்டும். புண்படும் பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு தைத்துத்தர ஆள் வேண்டும். செருப்பு தைப்பவர் சொல்வதைச் சர்ஜன் காதுகொடுத்துக் கேட்டால்தான் அந்தச் சிகிச்சை நிலைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை அரங்குக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் அந்த ஆய்வு வெளியானது. வாய் திறந்து பேசுவதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

டாக்டர்களே, ரவுண்ட்ஸ் முடியும்போது, "வேறு ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். டோஸில் சந்தேகம் சொன்னவரைத் திட்டாதீர்கள். இன்றைக்குத் திட்டு வாங்கியவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். மற்றவர்களே, சார் கோபித்துக்கொள்வார் என்று மருந்துச் சீட்டிலுள்ள தவறை விழுங்கிவிடாதீர்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் உங்கள் துறையைச் சேராத ஒருவருடைய போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். டியூட்டியில் முதல் சந்தேகம் வரும்போது கூப்பிட ஆள் இருக்கும். எல்லோருக்கும் என் வாழ்த்துகள்.