கணக்கா? பெரியவர் வாக்கா?

(திருநெல்வேலியில் நடந்த கூட்டத்தில் பேசியது)



நமது தாமிரபரணிக் கரையிலே பாபநாசத்திற்குச் சூரியன், சேரன்மகாதேவிக்குச் சந்திரன், ஸ்ரீவைகுண்டத்திற்குச் சனி என்று கிரகங்களை ஊருக்கொன்றாகப் பங்கிட்டு, ஒன்பது கோவில்களுக்கு நவகைலாயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சூரியனும் ஒரு நாள் சாகும் என்றால் பஞ்சாங்கக்காரர் ஒப்புவாரா? ஆனால் நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு தமிழர் இருந்தார்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்து, சென்னை மாகாணக் கல்லூரியில் படித்தவர். 1930-ல் சீமைக்குக் கப்பலேறியபோது வயது 19. கப்பலிலும் கணக்குத்தான். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தை அதன் பாரமே அமுக்குகிறது. சூரியனளவு சரக்கு பூமியளவு உருண்டையாகிவிடும்; அதில் ஒரு சுண்டைக்காயளவு ஒரு டன்னுக்கு மேல் நிற்கும்! இதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். நெருக்குண்ட எலக்ட்ரான்கள் எதிர்த்து நிற்பதால் அது மேலும் நொறுங்குவதில்லை. எல்லா நட்சத்திரமும் இப்படியே அடங்கிவிடும் என்று பெரியோர்கள் நினைத்திருந்தார்கள். சந்திரசேகர் ஐன்ஸ்டீன் தத்துவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். மிஞ்சிய கட்டையின் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்போனால் எலக்ட்ரானின் எதிர்ப்புப் போதாது, நொறுங்கியே தீரும் என்று விடை வந்தது.

இதை 1935 ஜனவரி 11-ந் தேதி லண்டன் ராயல் வானசாஸ்திர சங்கத்தில் எடுத்துச் சொன்னார. அடுத்து எழுந்தவர் எடிங்டன். 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டீன் தத்துவத்தைச் சோதித்துப் புகழ் பெற்றவர், லேசானவரல்ல. அவர், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடக்காதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். சபை சிரித்தது. சூத்திரமே செல்லாது என்றும் சொன்னார். அதற்குக் காட்டிய காரணம் நிற்கவில்லை. உண்மையில் அவருக்குப் பிடிக்காதது முடிவுதான். பௌலி முதலிய பண்டிதர்கள் தனிமையில் சந்திரசேகர் பக்கம். வெளியில் வாய் திறக்கவில்லை. ஜாதகம் பொய்யென்று நம்மிடம் சொல்லிவிட்டு, மகள் கலியாணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம்மூர் படித்தவர்களைப் போலத்தான்!

சந்திரசேகர் சண்டைக்கும் போகவில்லை, கணக்கை மாற்றிக்கொள்ளவுமில்லை. 1937-ல் அமெரிக்கா சென்றார். 1939-ல் அதைப் புத்தகத்தில் எழுதிவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார். 1944-ல் எடிங்டன் இறந்தபோது அவரைப் புகழ்ந்தே பேசினார். 1967-ல் துடிக்கும் நட்சத்திரங்கள் அகப்பட்டன. வெள்ளைக் குள்ளனைவிட நொறுங்கியவை உண்டென்பது தெரிந்தது. ஒளியும் தப்பாத கருந்துளையைப் பற்றி அவர் பெரும் புத்தகம் வெளியிட்ட 1983-லேயே நோபல் பரிசும் வந்தது. தம்மை நாஸ்திகர் என்றே சொல்லிக்கொண்ட அவர் 1995-ல் காலமானார்.

நமது சூரியன் அந்த 1.4-க்கு உட்பட்டதுதான். ஆகவே 500 கோடிக்கும் மேற்பட்ட வருஷங்களுக்குப் பின் வெள்ளைக் குள்ளனாகும். பரிகாரம் செய்ய வேண்டுமென்பவர்கள் அவசரப்படாமல் காசைச் சேர்த்து வைக்கலாம்.