காதுக்கு வந்த புத்தகங்கள்

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, புத்தகம் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். படித்ததைப் பற்றியல்ல, காதால் கேட்டதைப் பற்றிப் பேசுகிறேன். அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போக வர நாலு மணி நேரம். ரத்தம், சளி, சதை பார்க்கிற பரிசோதனைக் கூடத்தில் வேலை. நிக்கவே இடமில்லாத ரயிலில் புத்தகத்தை எங்கே விரிப்பது? மூணு வருஷமாகப் போனில் ஒலிப்புத்தகம்தான். கதை வேண்டாம், வரலாறும் அறிவியலும் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

கேட்பதெல்லாம் ஒரு படிப்பா என்கிறார்கள் படித்த நண்பர்கள். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் அதற்கும் வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு? காதுக்குள் என்ன போகிறது என்று அவர்கள் அவ்வளவு பயந்திருக்கிறார்கள். கேட்பது ஒன்றும் மட்டமான காரியமில்லை.

கோளாறும் இருக்கு. பில் பிரைசன் 2003இல் எழுதிய, அண்டம் தோன்றியது முதல் மனிதன் வரைக்குமான அறிவியல் வரலாற்றைக் கேட்டேன். விஞ்ஞானிகளின் சண்டை, பொறாமை, கிறுக்குத்தனம் எல்லாம் மனசில் நிக்குது. எண்கள் நிக்கல. அணு எவ்வளவு சின்னது, நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பெரம்பூர் தாண்டுவதற்குள் பறந்துவிடும். படம் கிடையாது, பென்சிலால் கோடு போட முடியாது. அறிவியலைக் கேட்பவர்கள் வீட்டில் ஒரு அச்சுப் பிரதியும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

வரலாறு அப்படியல்ல, குரலோடு வந்தால் தைக்கும். இசபெல் வில்கர்சனின் 'சாதி' (2020) புத்தகத்தை ராபின் மைல்ஸ் வாசிக்கிறார். 1959இல் கேரளத்துக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஒரு பள்ளித் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்த இடம் வருகிறது. கிங்குக்கு முதலில் சுருக்கென்றது, பிறகு ஆமாம், நான் அதுதான் என்று ஒப்புக்கொண்டார். வில்லிவாக்கத்தில் இறங்க வேண்டியவள், இறங்கலை.

ஆனால் என்னை உலுக்கியது ரெபெக்கா ஸ்க்லூட் 2010இல் வெளியிட்ட ஹென்ரியட்டா லேக்ஸ் வரலாறு. புகையிலைக் காட்டில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். 1951இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு கிடந்தார். கேட்காமலே சதையை வெட்டி எடுத்தார்கள். அந்த வருஷமே 31 வயதில் செத்துப்போனார். செல்கள் சாகவில்லை. பெருகிக்கொண்டே போயின. போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அவைதான் உதவின. உலகமெங்கும் விற்றார்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது 1973இல். செல்களை வைத்துச் சம்பாதித்த ஒரு கம்பெனியோடு வழக்கு போட்டு சமரசம் வந்தது 2023இல்.

இதை இரண்டு பெண்கள் வாசிக்கிறார்கள். மகள் டெபோராவுக்குச் சின்ன வயசிலிருந்தே காது சரியாகக் கேட்காது. 2001இல் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் அம்மாவின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தார். புத்தகம் வருவதற்கு முந்தின வருஷம், 2009இல், இறந்துபோனார்.

நானும் தினம் சதை போட்ட பாட்டிலில் எண் எழுதி ஒட்டுகிறவள். பேர் கேட்டதில்லை. எங்கம்மா ஒரு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலைச் சுற்றி நின்ற மாணவர்களுக்கு டாக்டர் இங்கிலீஷில் பாடம் நடத்தினார். அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேட்டது. என்ன வியாதி என்று அவளிடம் கடைசிவரை யாரும் சொல்லலை. பிழைத்து வந்துவிட்டாள், அது வேறு.

ஹென்ரியட்டா கதையை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டாங்களா?" என்றாள். இல்லம்மா என்றேன். "எங்கிட்டயும் கேக்கல" என்றாள்.

தமிழில் நான் கேட்ட ஒலிப்புத்தகங்களில் ராஜாக்கள் கதைதான் அதிகம். குரலும் ஒரே மாதிரி, சேரி வாடை படாத குரல். நம்ம பேச்சு வருவதெல்லாம் சிரிப்புக் காட்டத்தான். செல் என்றால் என்ன, கிருமி எப்படிப் பரவுது, 1927இல் மகத் குளத்தில் தண்ணி எடுத்தது எதுக்கு என்றெல்லாம் எங்கம்மாவுக்குப் புரியும்படி அவள் பேச்சிலேயே சொல்கிற குரல் வேண்டும். இங்கே அப்படிப் பேசுகிறவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் போகாதீர்கள், பேரை எழுதிக்கொடுங்கள். போன் என்னிடம் இருக்கு.