சாவி யார் கையில்?

(தொடர்கல்வி மையத்தில் படிப்பதற்கான உரை)



பாலகாட் என்றால் தங்கச் சுரங்கம். கோலார் தங்க வயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியது. அங்கே ஏற்பட்ட சுரங்கங்களில் பாலகாட் சுரங்கமும் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே லைன் வீடுகளில் குடியேறின. பாட்டன் சுரங்கத்தில் இறங்கினார். அப்பன் இறங்கினார். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கத்தில் ஒரு வேலை உண்டு. அது வைண்டிங் டிரைவர் வேலை. அவர் மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்திருப்பார். ஆட்கள் ஏறிய கூண்டை அவர்தான் இரும்புக் கயிற்றில் கீழே இறக்குவார். அவர்தான் மேலே ஏற்றுவார். சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். கூண்டில் நிற்பவர்களுக்கு டிரைவர் தெரியமாட்டார். டிரைவருக்கும் அவர்கள் தெரியமாட்டார்கள். மணி அடிக்கும். மணிக் கணக்கைக் கேட்டு அவர் கைப்பிடியை இழுப்பார். அத்தனை உயிரும் அந்த ஒரு கையில் இருக்கும்.

அந்த டிரைவர் குடித்துவிட்டு வந்தால் நீங்கள் கூண்டில் ஏறுவீர்களா? யாரும் ஏறமாட்டார்கள். "கொஞ்சம்தான் குடித்தேன்" என்று அவர் சொன்னால் ஏறுவீர்களா? அப்போதும் ஏறமாட்டார்கள்.

சுரங்கம் மூடிவிட்டது. கூண்டு நின்றுவிட்டது. இன்று வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வேலைக்காகப் பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். இரவில் இறங்கி, ஸ்டேஷனில் விட்ட வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வருகிறார்கள். பின்னால் மனைவி. முன்னால் பிள்ளை. இப்போது வைண்டிங் டிரைவர் யார்? வண்டி ஓட்டுகிறவர்தான். அவர் குடித்திருந்தால் மட்டும் ஏன் ஏறி உட்காருகிறோம்?

மது என்ன செய்கிறது?

மது வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. கால் தள்ளாடுவது பிறகுதான். முதலில் கெடுவது நிதானம். "நான் சரியாகத்தான் இருக்கிறேன்" என்று குடித்தவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தான் சரியாக இல்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய புத்திதான் முதலில் மங்கிப்போகிறது. அதனால் குடித்தவரிடம் "ஓட்ட முடியுமா?" என்று கேட்பதில் பயனில்லை.

அடுத்து, கண்ணும் கையும் தாமதமாகின்றன. ஒரு கணக்குப் போடுவோம். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு விநாடியில் அது 11 மீட்டர் ஓடும். குறுக்கே ஒரு குழந்தை வருகிறது. பிரேக் பிடிக்க அரை விநாடி தாமதமானால் வண்டி இன்னும் ஐந்தரை மீட்டர் முன்னே போய்விடும். அது ஒரு லைன் வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை உள்ள தூரம் இருக்கும். அந்தத் தூரத்துக்குள்தான் அந்தக் குழந்தை நிற்கிறது.

மோர் குடித்தால் போதை தெளியும் என்பார்கள். எலுமிச்சம்பழம், காப்பி, தலையில் தண்ணீர் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். இவை எதுவும் இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைப்பதில்லை. அதைக் கரைப்பது கல்லீரல். அது மெதுவாகத்தான் வேலை செய்யும். அவசரப்படுத்த முடியாது. இரவு வெகுநேரம் அதிகமாகக் குடித்தவருக்குக் காலையிலும் மது இரத்தத்தில் இருக்கும். காலை முதல் வண்டியைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 185-ஆவது பிரிவு இருக்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். ஓட்ட முயற்சி செய்வதும் குற்றம். கார், லாரி மட்டுமல்ல. ஸ்கூட்டர், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

முன்பு அபராதம் குறைவு. 2019 செப்டம்பர் 1 முதல் அது கூட்டப்பட்டது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

10,000 ரூபாய் என்பது உங்கள் வீட்டில் எத்தனை நாள் கூலி? ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் பாருங்கள். அதன் பக்கத்தில், இரவில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவுக்கு என்ன கூலி என்று எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

போலீஸார் ஊதச் சொன்னால் ஊத வேண்டும். மறுத்தால் தப்பிக்க முடியாது. மறுத்ததே கோர்ட்டில் அவருக்கு எதிராக நிற்கும். இந்தக் குற்றத்துக்குப் போலீஸார் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். லைசென்ஸை வாங்கிக்கொண்டு, அதை ரத்து செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஆட்டோ, டெம்போ ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸ் போனால் சோறு போச்சு.

பிடிபட்டவருக்கும் உரிமைகள் உண்டு. கருவியில் என்ன எண் வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது சாலையிலேயே பணம் கட்டி முடிக்கிற குற்றம் அல்ல. கோர்ட்டுக்குப் போகத்தான் வேண்டும். "கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போ" என்று யாராவது கேட்டால் அது அபராதம் அல்ல, லஞ்சம்.

இன்னொன்று. இங்கே போலீஸார் தரும் காகிதம் கன்னடத்தில் இருக்கலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பாதையோரம் தூங்கியவர்கள்

உயிர் போய்விட்டால் கதையே வேறு. பம்பாயில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள்.

2006 நவம்பர் 12. விடிய இன்னும் நேரம் இருந்தது. பாந்திரா என்ற இடத்தில் கார்ட்டர் ரோடு. அந்தச் சாலையில் வேலை செய்த கூலிக்காரர்கள் நடைபாதையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் வேகமாக வந்து அவர்கள் மேல் ஏறியது. 7 பேர் இறந்தார்கள். 8 பேர் காயப்பட்டார்கள். காரை ஓட்டியவர் ஓர் இளைஞர். அவர் இரத்தத்தைச் சோதித்தார்கள். 100 மில்லி லிட்டருக்கு 112 மில்லி கிராம் மது இருந்தது. சட்டம் விடுவது 30.

கீழ்க் கோர்ட்டு அதைக் கவனக்குறைவு என்று சொல்லி, 6 மாதத் தண்டனை கொடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. "குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் ஆள் சாவான் என்று தெரியும். தெரிந்தும் செய்தது வெறும் கவனக்குறைவு அல்ல" என்பது அதன் தீர்ப்பின் கருத்து. 3 வருடக் கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இத்தகைய குற்றத்துக்கு 3 வருடம் மிகக் குறைவு என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அலிஸ்டர் அந்தோணி பெரைரா வழக்கு என்று இது சட்டப் புத்தகங்களில் பேசப்படுகிறது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணமானால் 5 வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் அது 2 வருடமாக இருந்தது. சாவு நேரும் என்று தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் 10 வருடம் வரை சிறை.

அந்த 7 பேரும் யார்? கூலிக்காரர்கள். ஓட்டியவர் காரில் போனவர். இங்கே நடந்தால் என்ன ஆகும்? ஓட்டுகிறவரும் கூலிக்காரர். அடிபடுகிறவரும் கூலிக்காரர். ஒரு வீட்டில் பிணம் கிடக்கும். இன்னொரு வீட்டில் சம்பாதிக்கிறவர் ஜெயிலில் இருப்பார். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டி வண்டி உடைந்தால் கம்பெனி பணம் தர மறுக்கலாம். அப்படி மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது. அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடும் ஓட்டியவர், வண்டிக்காரர் தலையில் விழக்கூடும். வீட்டை விற்றாலும் அந்தக் கடன் தீராது.

முன்கூட்டியே செய்ய வேண்டியது

குடிக்காமல் இருப்பதே நல்லது. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கல்யாணத்தில் குடிக்கிறார்கள். சாவு வீட்டில் குடிக்கிறார்கள். சம்பள நாளில் குடிக்கிறார்கள். ஆகவே குடித்தவர் வண்டியைத் தொடாமல் இருக்க வழி வேண்டும்.

குடித்த பிறகு அவரிடம் சண்டை போட்டுச் சாவியைப் பிடுங்குவது கஷ்டம். பெண்களுக்கு அது அடியும் உதையுமாக முடியும். அதனால் பேச்சைக் காலையிலேயே பேசி முடியுங்கள். தெளிந்த நேரத்தில் அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளட்டும். "இன்றைக்கு விசேஷம். சாவி அண்ணியிடம் இருக்கும். நாளைக் காலையில்தான் கிடைக்கும்" என்று முடிவாகட்டும்.

விசேஷ வீட்டுக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. பந்தல் போடும்போதே ஒரு பெரியவரிடம் சாவிகளை வாங்கி வைக்கச் சொல்லலாம். வெளியூர் உறவினர் இரவு தங்கிப் போகப் பாய் போட்டுக் கொடுக்கலாம். குடிக்காத ஒருவரை ஓட்டச் சொல்லலாம். "ஓட்டுடா, ஒண்ணும் ஆகாது" என்று தூண்டிவிடுகிறவரும் சட்டப்படி குற்றவாளிதான்.

பதினெட்டு வயது ஆகாத பையனிடம் வண்டியைக் கொடுத்து "நீ ஓட்டு" என்பதும் வழி அல்ல. அவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுகிறவர் குடித்திருந்தால் ஏறாதீர்கள். பிள்ளையையும் ஏற்றாதீர்கள். நடந்து போனால் கால் வலிக்கும். அவ்வளவுதான்.

குடியை விட நினைக்கிறவர்களும் விட முடியாமல் தவிக்கிறவர்களும் வெட்கப்பட வேண்டாம். அது ஒரு நோய். அதற்கு வைத்தியம் இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை சொல்வார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

விபத்தைப் பார்த்தால்

பயந்து ஓடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவர் மீது வழக்குப் போட முடியாது. உங்கள் பெயரைச் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் உங்களைக் காக்கிறது. 2025 மே மாதம் முதல், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 7 நாள் வைத்தியத்துக்கு 1,50,000 ரூபாய் வரை அரசாங்கத் திட்டம் உண்டு. வழக்கு நடத்தப் பணமில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும்.

தாய்மார்களே, பெரியோர்களே! சுரங்கத்தில் பாறை வெடித்து எத்தனையோ பேர் இறந்தார்கள். அது யார் கையிலும் இல்லை. பூமிக்கு அடியில் நடந்தது. சாலையில் குடித்துவிட்டு ஓட்டுவதால் வரும் சாவு அப்படி அல்ல. அதைத் தடுக்க ஒரு சாவியை ஆணியில் மாட்டி வைத்தால் போதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இதைப் பேசுங்கள். சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று இன்றே முடிவு செய்யுங்கள்.