தங்கூசியும் தையல் நூலும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)





டொக்டர் ஆவது எப்படி என்று நான் பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது டொக்டர் ஆகாதவர்களைப் பற்றி.

பாலமுனைக் கடற்கரையில் வாப்பா தூண்டில் தங்கூசியைச் சிக்கெடுத்துச் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மருத்துவ பீடத்தில் முதன்முதலாகத் தோலைத் தைக்கக் கற்றபோது, கையில் தந்த நூலைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் நைலோன்தான். எங்கள் வீட்டுத் தங்கூசியே மெலிந்து, கிருமி நீங்கி வந்ததுபோல் இருந்தது.

சிறு மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோத்தால் வருவது பல்பகுதியம். உயர்தர இரசாயனவியலில் படித்திருப்பீர்கள். தோலில் போட்ட நைலோன் தையலைச் சில நாட்களில் வெட்டி எடுக்கிறோம். உடலுக்குள்ளே போடும் பொலிகிளைக்கொலிக் அமில நூலோ தானாகவே கரைந்துவிடும். அதன் எசுத்தர்ப் பிணைப்புகளை உடலிலுள்ள நீரே மெல்ல மெல்ல அறுக்கிறது. நைலோனின் ஏமைட்டுப் பிணைப்பு அவ்வளவு எளிதில் அறாது. காயம் ஆறும்வரை தாங்கி, பிறகு மறைந்துபோகும் நூலை உருவாக்கியது பல்பகுதிய விஞ்ஞானம். அந்த அறிவு இல்லாவிட்டால் என் கை வெறுங்கை.

இத்தகைய நீண்ட சங்கிலிகள் உண்டு என்று 1920இல் ஜேர்மனியின் ஹேர்மன் ஸ்டவுடிங்கர் எழுதியபோது பெரிய இரசாயனவியலாளர்கள் பலரே நம்பவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் இலண்டனிலிருந்து இங்கே வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இன்று கையுறைகளையும் திண்ம டயர்களையும் உலகெங்கும் அனுப்புகிறோம். அந்தத் தொழிலுக்குப் படித்தவர்கள் வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டெஃபனி குவோலெக் என்றொரு பெண். மருத்துவம் படிக்க ஆசை, கையில் பணம் இல்லை. பணம் சேர்ப்பதற்காக 1946இல் டியூபொன்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வு பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். 1965இல் அவர் கண்டுபிடித்ததிலிருந்துதான் கெவ்லார் இழை வந்தது. எடைக்கு எடை உருக்கைவிட ஐந்து மடங்கு வலிமையுள்ள அது, துப்பாக்கி ரவையைத் தடுக்கும் அங்கிகளில் இருந்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது.

இதைச் சொல்லும்போது என் வகுப்புத் தோழி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். எனக்கு இரசாயனவியல் விளங்கவைத்தவள் அவள்தான். மூன்று தடவை பரீட்சை எழுதியும் மருத்துவம் கிடைக்கவில்லை. விஞ்ஞான பீடத்துக்கு இடம் வந்தது. “டொக்டர் இல்லையென்றால் அவ்வளவு தூரம் எதற்கு?” என்றார்கள் வீட்டில். அவள் போகவில்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றும் எனக்குச் சுடுகிறது.

ஆகவே இன்று சொல்கிறேன். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பல்பகுதிய விஞ்ஞானம் படிக்கலாம். கணிதப் பிரிவில் படிப்பவர்களுக்கு மொறட்டுவையில் இரசாயன, செயன்முறைப் பொறியியல் இருக்கிறது. அடுத்த ஊரான ஒலுவிலிலேயே பொறியியல் பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம். தூரம் என்ற சாட்டும் இனி முழுதாகச் செல்லாது.

சகோதரிகளே, பெறுபேறு வரும் நாளில் ஒரு பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழுதால், அவளிடம் போய், “உனக்கு வேறு என்ன இடம் கிடைத்திருக்கிறது?” என்று கேளுங்கள். அவளுடைய உம்மா வாப்பாவோடும் ஒரு வார்த்தை பேசுங்கள். என் தோழிக்காக நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பறக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.