மனைவி வேலைக்குப் போனால் கணவரின் வரிக்கழிவு என்னவாகும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வருமான வரி குறித்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வருமான வரி என்றதும் நம்மவர்களில் பலர் தொலைக்காட்சி அலைவரிசையை மாற்றிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்திருங்கள். முழு வரிச் சட்டத்தையும் பேச நான் வரவில்லை. நீங்கள் ஆண்டுதோறும் நிரப்பும் பிஇ பாரத்தில் உள்ள ஒரே ஒரு கட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ‘கணவன் அல்லது மனைவிக்கான கழிவு, 4,000 வெள்ளி’ என்ற கட்டம் அது. 2016ஆம் மதிப்பீட்டு ஆண்டுக்கு முன்பு இது 3,000 வெள்ளியாக இருந்தது.

திருமணமான ஆண்டில் ஒருவர் இந்தக் கட்டத்தை நிரப்புகிறார். அப்போது மனைவி வீட்டில் இருக்கிறார். அடுத்த ஆண்டும் அப்படியே, அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மனைவி ஒரு வேலையில் சேர்கிறார். வீட்டில் எல்லாம் மாறிவிடுகிறது, சமையல் நேரம் கூட மாறிவிடுகிறது. வரிப் பாரம் மட்டும் மாறுவதில்லை. அந்த 4,000 வெள்ளி பழக்கத்தால் தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது.

இந்தக் கழிவு திருமணத்திற்காகக் கொடுக்கப்படுவதல்ல. வருமானம் இல்லாத துணையைத் தாங்குவதற்காகக் கொடுக்கப்படுவது. துணைவருக்கு மொத்த வருமானம் இல்லாதிருக்க வேண்டும், அல்லது துணைவர் கூட்டு மதிப்பீட்டைத் தேர்ந்தெடுத்து, தமது வருமானத்தை உங்கள் பெயரில் சேர்த்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கழிவு இல்லை. மனைவி சம்பாதிப்பது மாதம் 1,500 வெள்ளிதானே, அவர்தான் வரியே கட்டுவதில்லையே என்று கேட்பார்கள். வரி கட்டுவது வேறு, வருமானம் இருப்பது வேறு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் அது வருமானம்தான்.

இதைக் கேட்டதும் சிலருக்குப் பயம் வந்துவிடும். மனைவி வேலைக்குப் போனால் குடும்பத்துக்கு வரி ஏறிவிடும், அதைவிட அவர் வீட்டிலேயே இருக்கலாம் என்று கணக்குப் போடுகிற கணவர்களும் உண்டு. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்போம்.

கிள்ளானில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் ஆண்டுச் சம்பளம் 72,000 வெள்ளி. 18 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள். அவருக்குச் சொந்தக் கழிவு 9,000, மனைவிக்கு 4,000, பிள்ளைகளுக்குத் தலா 2,000 என 4,000, ஊழியர் சேமநிதிக்கு 4,000. இவற்றைக் கழித்தால் வரி விதிக்கப்படும் வருமானம் 51,000 வெள்ளி. இன்றைய விகிதப்படி வரி 1,610 வெள்ளி. மற்ற சிறு கழிவுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது மனைவி மே மாதம் ஒரு கடையில் 1,800 வெள்ளிச் சம்பளத்தில் சேர்கிறார். எட்டு மாதத்தில் அவர் பெறுவது 14,400 வெள்ளி. கணவர் மனைவிக்கான 4,000 வெள்ளியை எடுத்துவிட வேண்டும். அவருடைய வரி விதிக்கப்படும் வருமானம் 55,000 ஆகிறது, வரி 2,050 வெள்ளி. மனைவிக்கோ அவருடைய 9,000 வெள்ளிச் சொந்தக் கழிவும் சேமநிதிக் கழிவும் போக மிஞ்சுவது 4,000 வெள்ளிக்கும் குறைவு. முதல் 5,000 வெள்ளிக்கு வரியே இல்லை. ஆகக் குடும்பத்துக்கு வீட்டுக்கு வந்த சம்பளம் 14,400, கூடுதலாகப் போன வரி 440 வெள்ளி. இதற்காக ஒரு பெண்ணை வீட்டில் உட்கார வைப்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு அவர் மாதம் 3,000 வெள்ளி வரை சம்பாதித்தாலும், அவருடைய பெயரில் வரி வராது. 36,000 வெள்ளியில் சொந்தக் கழிவும் சேமநிதியும் போக 23,040 வெள்ளி. அதற்கான வரி 241 வெள்ளி சொச்சம். வரி விதிக்கப்படும் வருமானம் 35,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி இருக்கிறதல்லவா, அதில் இது முழுவதும் கரைந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு குறுக்கு வழியைத் தேடுகிறார்கள். அந்த 4,000 வெள்ளியை விட மனமில்லாமல், “சரி, கூட்டு மதிப்பீடு போட்டுவிடலாம்” என்கிறார்கள். அதே குடும்பத்தில் அப்படிச் செய்தால் மனைவியின் 14,400 வெள்ளியும் கணவரின் சம்பளத்தோடு சேரும். மனைவிக்கான 4,000 கிடைக்கும், ஆனால் மனைவியின் 9,000 வெள்ளிச் சொந்தக் கழிவு போய்விடும். சேமநிதிக் கழிவும் இருவருக்கும் சேர்த்து ஒரே 4,000தான். வரி விதிக்கப்படும் வருமானம் 65,400 ஆகிறது. வரி 3,194 வெள்ளி. தனித்தனியாகப் போட்டிருந்தால் 2,050. 440 வெள்ளியைக் காப்பாற்றப் போய் 1,144 வெள்ளியைக் கூடுதலாகக் கொடுத்தாகிவிட்டது.

அப்படியானால் கூட்டு மதிப்பீடு யாருக்குத்தான்? துணைவரின் வருமானம் மிகச் சிறியதாக இருக்கும்போது அது உதவும். வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறார், டியூஷன் சொல்லிக் கொடுக்கிறார், செலவு போக ஆண்டுக்கு 3,000 வெள்ளி மிஞ்சுகிறது என்றால், அதைச் சேர்த்துக்கொண்டு 4,000 வெள்ளியைக் கழிப்பது லாபம். நாம் பார்த்த கணவருக்கே வரி 2,050லிருந்து 1,940 ஆகக் குறையும். துணைவரின் நிகர வருமானம் 4,000 வெள்ளியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தனி மதிப்பீடே நல்லது. வீட்டுத் தொழிலில் வருவது வருமானமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் வங்கிச் சேமிப்பில் வரும் வட்டிக்கு வரி விலக்கு உண்டு. அதனால் மட்டும் மனைவிக்கான கழிவு போய்விடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனைவியின் வருமானத்தைக் கணவர் பெயரில் சேர்க்க வேண்டுமென்றால், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மனைவி. கணவர் தாமாகவே முடிவு செய்துவிட்டு மனைவியிடம் சொல்லாமல் இருப்பது முறையல்ல, சட்டத்தின் கருத்தும் அதுவல்ல. ஒரு காலத்தில் மனைவியின் வருமானம் பொதுவாகக் கணவரின் வருமானமாகவே கருதப்பட்டது. 1991ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் மனைவி தனி வரிதாரராக மதிப்பிடப்படுகிறார். அந்த உரிமையைச் சும்மா விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. நாளைக்கு வீட்டுக் கடனுக்கு இருவரும் சேர்ந்து வங்கிக்குப் போகும்போது, மனைவியின் பெயரில் உள்ள வரிப் பாரம்தான் அவருக்கும் வருமானம் உண்டு என்பதற்கு ஆதாரம். இந்தக் கூட்டுத் தேர்வு அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும்தான். போன ஆண்டு கூட்டாகப் போட்டோமே என்று இந்த ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதில்லை.

சரி, கழிவை எப்படி எடுப்பது? பலர் ஏப்ரல் மாதம் பாரம் நிரப்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பி.சி.பி. எனும் வரிப் பிடித்தம் செய்யப்படுகிறது. அதில் தொழிலாளர்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறார்கள். திருமணம் ஆகாதவர் முதல் பிரிவு. திருமணமாகித் துணைவர் வேலை செய்யாதவர் இரண்டாம் பிரிவு. திருமணமாகித் துணைவரும் வேலை செய்பவர் மூன்றாம் பிரிவு. மனைவி வேலையில் சேர்ந்தவுடன் உங்கள் சம்பளப் பிரிவுக்குச் சென்று, என்னை இரண்டிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். முதலாளிக்கு உங்கள் வீட்டு நிலவரம் தானாகத் தெரியாது. சொல்லாவிட்டால் மாதாமாதம் குறைவாகப் பிடிப்பார்கள், ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்ட வேண்டி வரும்.

2014ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, சம்பள வருமானம் மட்டும் உள்ள சிலர் பி.சி.பி.யையே இறுதி வரியாக ஏற்றுக்கொண்டு பாரம் அனுப்பாமல் இருக்கலாம் என்ற வசதி வந்தது. பிரிவு தவறாக இருந்தால் இவர்களுக்கு அதைத் திருத்தும் சந்தர்ப்பமே இல்லாமல் போய்விடும். துணைவரின் நிலை மாறிய ஆண்டில் பாரத்தை நிரப்பி அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பாரத்தில் துணைவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். அவருடைய முதலாளியோ அவருடைய சம்பள விவரத்தை ஆண்டுதோறும் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் கொடுக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? தவறான பாரத்திற்குக் குறைத்துக் கட்டிய வரியின் அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நம் கிள்ளான் குடும்பத்தின் கணக்கில் மூன்று ஆண்டுகள் 440, 440 என்று விட்டால் 1,320 வெள்ளி. அதற்கு மேல் அபராதம். ரசீதுகளையும் ஆவணங்களையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உரிய காலத்தில் பாரம் அனுப்பிவிட்டு, பிறகு தவறைக் கண்டுபிடித்தவர்கள் பதற வேண்டாம். பாரம் அனுப்பும் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் திருத்திய பாரத்தை ஒரு முறை அனுப்பலாம். கூடுதலாகக் கட்ட வேண்டிய வரியோடு அதில் பத்து விழுக்காடு சேர்த்துக் கட்ட வேண்டும். 440 வெள்ளிக்கு 44 வெள்ளி. வாரியம் கண்டுபிடித்துக் கேட்கும் வரை காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜொகூர் பாருவிலிருந்து பார்க்கும் நேயர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனைவி தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், மலேசியாவில் அவருக்கு வருமானமே இல்லை, ஆகவே கழிவு எடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். துணைவருக்கு வெளிநாட்டிலிருந்து 4,000 வெள்ளிக்கு மேல் மொத்த வருமானம் வந்தால் அந்தக் கழிவு கிடையாது. சிங்கப்பூர் சம்பளம் இரண்டு மாதத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இதுவரை வருமானம் கூடுவதைப் பற்றிப் பேசினேன். குறையும்போதும் இதே கவனம் வேண்டும், அங்கே விட்டுவிடுவது உங்கள் பணம். மார்ச் மாதம் கணவருக்கு வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சம்பளம் 15,000 வெள்ளி. மனைவியின் ஆண்டு வருமானம் 72,000. அந்த ஆண்டு இருவரும் தனித்தனியாகவே போட வேண்டும், கணவருக்கு வரி வராது. ஆனால் இதுவரை பிள்ளைகளுக்கான கழிவைக் கணவர் எடுத்து வந்திருப்பார். வரியே இல்லாதவர் அதை எடுத்து என்ன பயன்? மனைவிக்கு மாற்றுங்கள். பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு 8,000 வெள்ளி கழிவு உண்டு. அதை மனைவி எடுத்தால் அவருடைய வரி 2,490 வெள்ளியிலிருந்து 1,610 ஆகும், 880 வெள்ளி மிச்சம். ஒரே பிள்ளைக்கு இருவரும் எடுப்பதுதான் கூடாது. அடுத்த ஆண்டும் கணவருக்கு வேலை கிடைக்கவில்லை, வேறு வருமானமும் இல்லை என்றால், கணவருக்கான 4,000 வெள்ளியை மனைவி எடுக்கலாம். கணவர் பெயரில் மனைவி கழிவு எடுப்பதா என்று வெட்கப்படும் ஆண்கள் இருக்கிறார்கள். சட்டத்திற்கு அந்த வெட்கம் இல்லை.

மணவிலக்குப் பெற்றவர்கள் கேட்டிருந்த கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முன்னாள் மனைவிக்குக் கொடுக்கும் ஜீவனாம்சத்திற்குக் கழிவு உண்டு, ஆனால் நீதிமன்ற உத்தரவோ முறையான ஒப்பந்தமோ இருக்க வேண்டும். மனமுவந்து கையில் கொடுக்கும் பணத்திற்குக் கிடையாது. மறுமணம் செய்தவருக்கு, இப்போதைய மனைவி, முன்னாள் மனைவி இருவருக்கும் சேர்த்து 4,000 வெள்ளிதான்.

பிஇ பாரத்திற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. வீட்டுத் தொழிலோ கடையோ உள்ளவர்கள் பி பாரம் நிரப்ப வேண்டும், அவர்களுக்கு ஜூன் 30. அதற்கு முன் ஒரு நாள் மாலை இருவரும் தங்கள் சம்பள அறிக்கைகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தனியாக ஒரு முறை, கூட்டாக ஒரு முறை என்று இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.