நீலத்தொட்டியும் நம் கடமையும்

புளித்த மோர் சிறிது கலந்தாலும் குடத்துப்பால் அபிஷேகத்திற்கு ஆகாது. சிங்கப்பூரின் நீலநிற மறுபயனீட்டுத் தொட்டிக்கும் அதுவே நியதி. அதில் இடப்படுவனவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டிற்கு உதவுவதில்லை. உணவும் எண்ணெயும் படிந்த பொருள்கள் அருகிலுள்ள தூய தாளையும் கெடுக்கின்றன. அனைத்தும் எரியுலைக்கே செல்கின்றன. எஞ்சும் சாம்பலை ஏற்பது 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிரப்புநிலம். நாட்டிற்கு உள்ளது அஃதொன்றே. 2035 வாக்கில் அதுவும் நிறைந்துவிடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. "சரியாக மறுபயனீடு செய்வீர்" என்று 2019 முதல் வலியுறுத்தப்படுவது இதனாலேயே.

ஆகவே, பால்குடத்திற்கு வாங்கிய பால் அட்டைப்பெட்டிகளை அலசி, நீர் வடித்து, நீலத்தொட்டியில் இடுக. அன்னதானத்தில் எண்ணெய் பட்ட தாள்கள் சாதாரணக் குப்பைத்தொட்டிக்கே உரியன. சந்நிதியில் பேணும் தூய்மையைத் தொட்டியிலும் பேணுவது இறைத்தொண்டே.